தராசில் ஒன்பது, ஏட்டில் ஏழு: இது சிறுகதையா, இல்லையா?

பீலிக்கரை (அட்டன்) – சனி இரவு 8.10

ஒரு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். முழுவதும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவி ஒருத்தி ஒரு போட்டிக்குச் சிறுகதை அனுப்பினாள். 'இரண்டு கிலோ' என்று பெயர். கொப்பித் தாளில் நான்கு பக்கம். அது திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: முரண் இல்லை. உச்சக்கட்டம் இல்லை. முடிவு தெளிவில்லை. இயற்கை வர்ணனை நன்று. இறுதி வரி மிக நன்று. நூற்றுக்கு 41.

கதை இதுதான். மழை நாள். பாடசாலை விட்ட மகள் அம்மாவைத் தேடித் தேயிலை மலைக்குப் போகிறாள். அந்திக் கொழுந்து, அதாவது மாலைவரை பறித்த தேயிலைத் துளிர், நிறுக்கிறார்கள். தராசு முள் ஒன்பதில் நிற்கிறது. தண்ணீருக்கும் சாக்குக்கும் இரண்டு கிலோ கழித்துக் கணக்கப்பிள்ளை ஏழு என்று எழுதுகிறார். அம்மா வாய் திறக்கவில்லை. இருவரும் குறுக்குப் பாதையில் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வருகிறார்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றபடி அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அந்த முரட்டுத் துணியை, அவிழ்த்து, ஒரு பேசினுக்கு மேலே பிடித்து முறுக்கிப் பிழிகிறாள். பிழிந்த தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிப் பார்க்கிறாள். போத்தல் கழுத்துவரைகூட வரவில்லை. அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள். பிறகு அந்த 'மிக நன்றான' கடைசி வரி: 'எங்கள் வியர்வையை நிறுக்க எந்தத் தராசு இருக்கிறது?'

நிறுவைப் பத்தியை, அவளிடம் கேட்டுக்கொண்டு, அப்படியே தருகிறேன்:

'முள் ஒன்பதில் நின்று ஆடியது. ஐயா ஏழு என்று எழுதினார். அம்மா முள்ளைப் பார்க்கவில்லை. அவருடைய பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் நிற்பவளுக்கு ஏடு தலைகீழாகத்தான் தெரியும். தலைகீழாக இருந்தாலும் அம்மாவுக்கு ஏழு தெரியும்.'

இதில் முரண் இல்லையாம். பயிற்சிப் பட்டறைகளில் 'சிறுகதையின் அடிப்படைக் கூறுகள்' என்று ஒரு தாள் கொடுக்கிறார்களே, அதைக் கையில் வைத்துக்கொண்டு சரி, பிழை போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். அந்தத் தாளை அடுப்பில் போட்டால் என்ன?


ஊவாக்காற்று (பண்டாரவளை) – சனி இரவு 9.02

அந்த நடுவர் நானில்லை. ஆனால் நானாக இருந்தாலும் ஐம்பதைத் தாண்டிப் போட்டிருக்க மாட்டேன். எனவே தாளுக்காக நானே வாதாடுகிறேன்.

முப்பது ஆண்டுகள் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளிடம் கதை எழுதச் சொன்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'எனது கிராமம்' கட்டுரை வரும். அல்லது, பாட்டி செத்தாள், எல்லோரும் அழுதோம் என்று வரும். பாத்திரம், களம், கதைப்பின்னல், முரண், நோக்குநிலை, கருப்பொருள் என்று ஆறு சொல்லைக் கொடுத்த பிறகுதான் அந்தப் பிள்ளை தன் எழுத்தைத் தள்ளிவைத்துப் பார்க்கக் கற்கிறது. யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? யார் சொல்கிறார்? இந்தக் கேள்விகள் கையில் இல்லாமல் எழுதுவது, நூல் பிடிக்காமல் சுவர் கட்டுவது போல.

தேயிலையை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது அடிக்கு மரமாக வளரும். ஒரு கூடைக் கொழுந்து கிடைக்காது. இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதால்தான் துளிர்க்கிறது. சிறுகதையும் அப்படியே. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842ல் ஒரு மதிப்புரையில் சொன்னார்: ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், எழுதும் ஒவ்வொரு சொல்லும் முன்கூட்டியே தீர்மானித்த ஒரே விளைவை நோக்கிப் போக வேண்டும். அந்த அளவுகோலால் 'இரண்டு கிலோ'வைப் பாருங்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும்? கதை சொல்லவில்லை. அவள் ஏதாவது செய்கிறாளா? துணி பிழிகிறாள். அநீதி நடந்தது, அவள் பேசாமல் வந்தாள் என்பது செய்தி. கதை அதற்குப் பிறகு தொடங்க வேண்டும்.


கவ்வாத்துக் கத்தி (கண்டி) – சனி இரவு 9.40

சேர், வணக்கம். தேயிலையை வெட்டிவிடுவதுதானே கவ்வாத்து; உங்கள் உவமையில் என் பெயரையும் இழுத்துவிட்டீர்கள். ஒரு சிறு சஞ்சிகைக்கு வரும் கதைகளை வெட்டுவது என் வேலை என்பதால் சொல்கிறேன்.

அந்தத் தாளில் மலை போல ஒரு படம் இருக்கும்: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு. அது எங்கிருந்து வந்தது என்று எந்தப் பட்டறையிலும் சொல்வதில்லை. குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863ல் நாடகத்தைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது. கிரேக்க நாடகத்தையும் ஷேக்ஸ்பியரையும் வைத்து, ஐந்து அங்க நாடகத்துக்காக அவர் கீறிய கூம்பு. நாலு பக்கக் கதையின் தலையில் அதைக் கவிழ்த்து, உச்சக்கட்டம் எங்கே என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்கிறோம்.

சரி, கேட்டதற்குப் பதிலும் சொல்கிறேன். உச்சக்கட்டம் அந்தப் பேனா ஏட்டைத் தொடும் இடம். முரண் முள்ளுக்கும் பேனாவுக்கும் நடுவில் இருக்கிறது. முரண் என்றால் இரண்டு பேர் கத்த வேண்டும் என்று யார் சொன்னது? 'தலைகீழாக இருந்தாலும் அம்மாவுக்கு ஏழு தெரியும்' என்ற வரியில் ஒரு பெண்ணின் பத்து இருபது வருடம் இருக்கிறது. எத்தனை தரம் அப்படிப் பார்த்திருந்தால் தலைகீழ் எண் பழகிப்போகும்!

ஆனால் பீலிக்கரைத் தம்பி, உங்கள் மாணவியை நான் அப்படியே விடப் போவதில்லை. அந்தக் கடைசி வரியை வெட்ட வேண்டும். போத்தல் ஜன்னலில் உட்கார்ந்துவிட்டது. அதோடு கதை முடிந்துவிட்டது. பிறகு வியர்வை, தராசு என்று வருவது மே தினப் பதாகை. வேடிக்கை என்னவென்றால், நடுவருக்குப் பிடித்த ஒரே வரி அதுதான்.


கொழும்பு பஸ் (கொழும்பு, சொந்த ஊர் பொகவந்தலாவை) – சனி இரவு 10.15

எனக்கு ஒரு கேள்வி. எப்போதும் ஏன் தராசு, மழை, லயம், அழும் அம்மா? நான் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். எங்கள் அறையில் ஐந்து பேர், எல்லோரும் மலையகம். இரவு பத்து மணிக்குப் பிறகு நாங்கள் சிரிக்கும் சிரிப்பு எந்தக் கதையிலும் வருவதில்லை. மலையகச் சிறுகதை என்றால் துயரம் என்று ஆகிவிட்டது. நடுவர்கள் 'களம்' என்று கேட்பதும் அதைத்தான். மூடுபனி வேண்டும், அட்டை கடிக்க வேண்டும்.


தொங்கல் லயம் (மஸ்கெலியா) – சனி இரவு 10.31

தம்பி, இந்த அம்மா அழவில்லை. இன்னொரு தரம் வாசியுங்கள்.


கொழும்பு பஸ் – சனி இரவு 10.36

சரி அக்கா, அழவில்லை. ஆனால் முதல் பக்கத்தில் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' இருக்குமே? பந்தயம் கட்டுகிறேன்.


பீலிக்கரை – சனி இரவு 10.40

இருக்கிறது. 'இயற்கை வர்ணனை நன்று' என்று போட்டது அதற்குத்தான். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.


தொங்கல் லயம் – சனி இரவு 11.20

அந்தக் கம்பளத்தில் நடப்பவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடப்பார்கள், அட்டை ஏறாமல். அதை எழுதியிருந்தால் களம். கம்பளம் சுற்றுலாப் பயணி ரயில் ஜன்னலிலிருந்து பார்ப்பது.

என் அம்மா முப்பத்தோரு வருடம் கொழுந்து எடுத்தவர். அந்த உரிமையில் கதையின் இரண்டு இடத்தில் கை வைக்கிறேன்.

முதலாவது. கழித்தது கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்கு. பிழிந்தது இடுப்புப் படங்கில் இருந்த தண்ணீரை. கொழுந்து சாக்கில் ஏறி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போய்விட்டது. இந்தத் தண்ணீருக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. போத்தலில் எவ்வளவு வந்தாலும் அது எதையும் நிரூபிக்காது. மலை தெரிந்த எவரும் இந்த இடத்தில் கதையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. இரண்டு கிலோ போனால் என்ன ஆகும் என்று கதை சொல்லவில்லை. 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று வைத்திருக்கும் தோட்டம் என்று வையுங்கள். 17 என்று ஏட்டில் விழுந்தால் அந்த நாள் அரைப்பேர். விடியற்காலை எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டு, நாள் முழுக்க மழையில் நின்றது பாதி நாளாகிவிடும். ஒரு கிலோவால் பாதிச் சம்பளம் போகும். இது தெரிந்தவருக்குத்தான் அந்தப் பேனா பயங்கரம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து வாசிப்பவருக்கு ஏழுக்கும் ஒன்பதுக்கும் என்ன வித்தியாசம்? மீன் கடையில் இரண்டு கிலோ ஏமாந்த மாதிரித்தான் தெரியும். நடுவர் முரண் இல்லை என்று எழுதியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். முரண் இருக்கிறது. பணயம் ஏட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.


கவ்வாத்துக் கத்தி – சனி இரவு 11.48

அக்கா சொன்ன இரண்டாவது விஷயத்துக்குத் தலைவணங்குகிறேன். நான் அதைத் தவறவிட்டேன். கண்டியில் உட்கார்ந்திருப்பதன் பலன்.

முதலாவதில் உடன்பாடில்லை. அந்தத் தண்ணீர் வேறு, இந்தத் தண்ணீர் வேறு என்று அம்மாவுக்குத் தெரியாதா? இத்தனை வருடம் கொழுந்து எடுத்தவளுக்குத் தெரியாமல் உங்களுக்கும் எனக்கும் தெரியுமா? தெரிந்தும் பிழிகிறாள். கணக்குக் கேட்க ஆளில்லாதவள் தன்னிடம் இருக்கும் தண்ணீரை அளந்து பார்க்கிறாள். அது நிரூபணமாக இருந்தால் வெறும் கணக்கு. நிரூபணமாக ஆகாததால்தான் அது கதை. ஊவாக்காற்று சேர் 'துணி பிழிகிறாள்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாரே, அந்தக் கதையில் அம்மா செய்யும் ஒரே செயல் அதுதான். பேச முடியாத இடத்திலிருந்து வந்தவளின் பேச்சு அது.


ஊவாக்காற்று – ஞாயிறு காலை 6.25

இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறீர்கள். இங்கே மழை விட்டிருக்கிறது.

கவ்வாத்துக் கத்திக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விளக்கம் அழகு. ஆனால் அது உங்கள் விளக்கம், தாளில் இல்லை. அம்மாவுக்குத் தெரியும் என்பதற்குக் கதைக்குள் ஒரு தடயமாவது வேண்டாமா? வாசகனே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்வான் என்றால் வெற்றுத் தாளுக்கும் பரிசு கொடுக்கலாம்.

ஃப்ரைடாக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எனக்கும் அந்தக் கூம்பில் பற்றில்லை. நான் போகும் வழி வேறு. நம் தொல்காப்பியர் பாட்டுக்குச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருப்பவை, அதாவது மரம், பறவை, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் மனநிலை உரிப்பொருள். மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று வரிசையும் வைத்தார். நிலத்தைவிடக் கரு, கருவைவிட உரி. இன்றைக்கு நாம் 'களம்' என்று ஒரே கட்டத்துக்குள் போட்டுவிடுவதை அவர் இரண்டாகப் பிரித்திருக்கிறார், பாருங்கள். பச்சைக் கம்பளம் முதற்பொருளோடு நின்றுவிட்ட எழுத்து. காலில் சவர்க்காரம், படங்கு, பேசின், சோடாப் போத்தல் எல்லாம் கருப்பொருள். கருப்பொருளின் வழியாகத்தான் உரிக்குப் போக முடியும். இந்த மாணவி இரண்டாம் படியில் நன்றாக நிற்கிறாள். மூன்றாவதை எட்டவில்லை என்பதே என் குறை.

(குறிஞ்சித் திணைக்குத் தினையும் தேனும் சொன்னார்கள். நம் மலையில் தினையும் இல்லை, யாமத்தில் காத்திருக்கும் தலைவனும் இல்லை. தேயிலைக்குத் திணை வகுக்க இனிமேல்தான் ஆள் வர வேண்டும்.)


பீலிக்கரை – ஞாயிறு காலை 7.50

சேர், இதை நீங்கள் பட்டறைத் தாளில் போட்டிருந்தால் நான் அடுப்பைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன். ஆனால் பட்டறைகளில் 'கருப்பொருள்' என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம்: கதை சொல்லும் கருத்து. பிள்ளைகள் அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் கடைசி வரியில் ஒரு முழக்கம் வைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் வைத்தாள். நேற்று மாலை கேட்டேன். 'கருத்து இல்லாவிட்டால் மார்க்ஸ் குறையும் என்றார்கள் சேர்' என்றாள்.


ஊவாக்காற்று – ஞாயிறு காலை 8.05

இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம்.


கவ்வாத்துக் கத்தி – ஞாயிறு காலை 9.30

ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1888ல் ஒரு கடிதத்தில் எழுதியது: கேள்வியைச் சரியாக முன்வைப்பதுதான் கலைஞனின் கடமை, அதற்கு விடை காண்பது அவன் கடமையில்லை. வைத்தியராகவும் இருந்தவர் சொன்னார் என்பதை மறக்க வேண்டாம்.

அவர் பெயரில் உலவும் துப்பாக்கி விதியும் உங்களுக்குத் தெரியும்: மேடையில் துப்பாக்கி வைத்தால் யாராவது சுட வேண்டும். அதை வைத்து ஒரு சின்னக் கேள்வி. தம்பி எனக்குத் தனியாக அனுப்பிய முழுக் கதையில், முதல் பக்கத்தில் அப்பா கொழும்பிலிருந்து அனுப்பிய புதுக் குடை மூன்று வரிக்கு வருகிறது. மழையில் நிறுவை நடக்கும்போது குடை எங்கே?


பீலிக்கரை – ஞாயிறு காலை 9.41

கேட்டேன். மறந்துவிட்டாளாம்.


கொழும்பு பஸ் – ஞாயிறு காலை 9.44

அந்த அப்பா நானாக இருந்தால் மனம் வருந்துவேன். 1,400 ரூபாய்க் குடை.


தொங்கல் லயம் – ஞாயிறு காலை 11.10

குடையை விடுங்கள். பணயத்தை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று இரவு யோசித்தேன். விளக்கக் குறிப்பு எழுதினால் கட்டுரையாகிவிடும். குறுக்குப் பாதையில் இருவரும் பேசாமல் நடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாளே, அந்த இடம் சும்மா கிடக்கிறது. அங்கே அம்மா விரல் மடக்கட்டும். காலைக் கொழுந்து ஐந்து, பகல் கொழுந்து ஐந்து, இப்போது ஏழு. மடக்கிய விரலைத் திரும்ப விரித்து, மறுபடியும் மடக்கட்டும். மகள் வாய்க்குள் கூட்டிப் பார்க்கட்டும். பதினேழு. 'இன்னும் ஒன்று' என்று ஒரு வார்த்தை போதும். யாழ்ப்பாணத்து வாசகருக்கும் விளங்கும். மலையில் இருப்பவருக்கு வயிற்றில் பிசையும். ஊவாக்காற்று சேர் கேட்ட 'அவளுக்கு என்ன வேண்டும்' என்பதற்கும் அது விடை. ஒரு கிலோ வேண்டும்.


ஊவாக்காற்று – ஞாயிறு காலை 11.32

இதற்கு நான் எழுபது போடுவேன். ஆனால் கவனியுங்கள்: நீங்கள் இப்போது செய்தது கதைப்பின்னல். தாளில் இருக்கும் மூன்றாவது கூறு. தாளைத் திட்டிக்கொண்டே தாளைத்தான் பயன்படுத்துகிறோம்.


கவ்வாத்துக் கத்தி – ஞாயிறு பகல் 12.15

பயன்படுத்துகிறோம், ஆனால் கதை எழுதி முடிந்த பிறகு. அதுதான் எனக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பிள்ளை 'முரண் வைப்போம், களம் வைப்போம்' என்று தொடங்கியிருந்தால் தலைகீழ் ஏழு வந்திருக்காது. எழுதி முடிந்த கதை ஏன் நொண்டுகிறது என்று பார்க்கத்தான் கூறுகள். முன்கூட்டியே கையில் கொடுத்தால் நொண்டாத, நடக்கவும் செய்யாத கதைகள்தான் கிடைக்கும். மாதம் முப்பது வருகிறது எனக்கு.

இன்னொன்று நோக்குநிலை. மகள் சொல்கிறாள் என்பதால்தான் அம்மாவின் மனதுக்குள் கதை போகாமல் தப்பித்தது. 'அவள் நெஞ்சு குமுறியது' என்று எழுத வழியில்லை. பக்கத்தில் நிற்பவளுக்குப் பேனாவைப் பார்க்கும் கண்தான் தெரியும். வ.வே.சு. ஐயர் 1915ல் 'குளத்தங்கரை அரசமர'த்தில் மரத்தையே கதை சொல்ல வைத்தார். மரத்தால் நகர முடியாது. கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்லும். யார் சொல்கிறார் என்பதைச் சரியாகத் தேர்ந்துவிட்டால் பாதி மிகை தானாக உதிர்ந்துவிடும். இந்தப் பிள்ளை அதைத் தெரியாமலே செய்திருக்கிறாள். சிவப்பு மை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.


பழைய செக்ரோல் (தலவாக்கலைப் பக்கம்) – ஞாயிறு மாலை 4.50

இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதலாமா, வேண்டாமா என்று இருந்தேன். நான் அந்தப் பேனாவைப் பிடித்தவன். பன்னிரண்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மழைக் கொழுந்தில் தண்ணீர் இருக்கும் என்பது பொய்யில்லை. ஸ்டோரில் ஏறக்குறைய நான்கரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் வர வேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஈரக் கொழுந்து வாடவே நேரம் எடுக்கும், கணக்கு இடிக்கும், இடித்தால் ஸ்டோரிலிருந்து கேள்வி வரும். அந்தக் கேள்வி கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் என் கைக்கு வரும். மழை நாளில் ஆளுக்கு இத்தனை கழி என்று காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஒருத்தியின் கொழுந்தில் ஒரு கிலோ தண்ணீர் இருக்கலாம், இன்னொருத்தியின் கொழுந்தில் அரைக் கிலோ இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே கழிவுதான். பிழை அங்கேதான் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

இனி கதைக்கு வருகிறேன். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு இடத்தில் பிழை விட்டிருக்கிறது. மழையில் பேனா எழுதாது. நனைந்த தாளில் மை பரவும். நாங்கள் பென்சிலால்தான் எழுதினோம். காதில் சொருகிய பென்சில். படங்குத் துண்டு ஒன்றை ஏட்டுக்கு மேலே கூரை மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுதுவோம். மாலையில் ஆபீஸில் உட்கார்ந்துதான் செக்ரோலில், அந்தச் சம்பளப் பதிவேட்டில், பேனாவால் ஏற்றுவோம்.

கதையில் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று எங்கும் எழுதவில்லை. நான் பார்க்க மாட்டேன். கழித்து எழுதும்போது ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. மற்ற நேரத்தில் எல்லோரையும் அக்கா, பெரியம்மா என்று பேசுகிறவன்தான்.


தொங்கல் லயம் – ஞாயிறு மாலை 5.20

அண்ணே, உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். 'பென்சில்தான், சரி' என்று மட்டும் சொன்னார்.


கொழும்பு பஸ் – ஞாயிறு மாலை 5.31

இப்போது பல இடங்களில் எண் காட்டும் மின்தராசு வந்துவிட்டதே. முள்ளும் இல்லை, பென்சிலும் இல்லை. கதை எந்த வருடத்தில் நடக்கிறது?


பழைய செக்ரோல் – ஞாயிறு மாலை 5.45

தராசு மாறியது தம்பி. கழிவு மாறவில்லை.


கவ்வாத்துக் கத்தி – ஞாயிறு இரவு 7.05

ஐயா எழுதியதை மூன்று முறை வாசித்தேன். எதிர்ப்பாத்திரம் என்று தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாம் வழக்கமாகப் போடுவது ஒரு மீசை, ஒரு தொப்பி, ஒரு அதட்டல். கதையில் இருந்த கணக்கப்பிள்ளைக்கு அதுகூட இல்லை, வெறும் கைதான். அது குறை என்று நேற்றுச் சொல்ல நினைத்தேன். நிமிர்ந்து பார்க்காத கை என்று இப்போது தெரிந்த பிறகு வேறு மாதிரி இருக்கிறது. அவர் நிமிரவில்லை என்று ஒரு வரி சேர்த்தால், அவருக்கும் ஒரு உள்ளம் வந்துவிடும்.

ஆனால் நாம் ஆறு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்ற பயமும் வருகிறது. பதினேழு அக்காவுடையது, நிமிராத தலை ஐயாவுடையது, வெட்டிய கடைசி வரி என்னுடையது. அவளுடையது என்ன மிஞ்சும்?


ஊவாக்காற்று – ஞாயிறு இரவு 7.40

தலைகீழ் ஏழு மிஞ்சும். போத்தல் மிஞ்சும். அவை போதும். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பும் முதல் கதையை யாரிடமாவது காட்டித்தான் இருப்பார். சொல்வதைச் சொல்லுங்கள், எடுப்பதை அவள் எடுக்கட்டும்.

நான் 41ஐ மறுக்கிறேன் என்று எங்கேயும் எழுதவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையின் இன்றைய வடிவத்துக்கு ஐம்பதுதான்.


பீலிக்கரை – திங்கள் மாலை 3.15

இன்று இடைவேளையில் அவளை நூலக அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் மூன்று தரம்தான் பேசினாள்.

பதினேழு என்ற இடத்தில் சிரித்தாள். 'எங்கள் அம்மா விரல் மடக்க மாட்டார் சேர், சுவரில் கரியால் கோடு போடுவார்' என்றாள். அதை எழுதேன் என்றேன். 'அது எங்கள் வீட்டுச் சுவர்' என்றாள். எழுதுவாளா, மாட்டாளா தெரியவில்லை.

கடைசி வரியை வெட்டச் சொன்னதற்கு முகம் சுருங்கியது. அதை ஆறு தரம் மாற்றி எழுதினாளாம். வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

பென்சில் என்றதும் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பேனா என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே பென்சில் என்று எழுதினாள். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டாள்: 'பென்சில் என்றால் அழிக்கலாமே சேர். அம்மா அப்போது ஏன் கேட்கவில்லை?'

மணி அடித்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை.